சாலைக் கடைத்தெருவிலிருந்து கின்சா வரை

திருவனந்தபுரத்தைப் பற்றி எழுதுவோர் பத்மநாபசுவாமி கோயிலில் தொடங்கி, அருங்காட்சியகத்தையும் மிருகக்காட்சிச்சாலையையும் சுற்றிக்கொண்டு, கோவளம் கடற்கரையில் முடிப்பது வழக்கம். அவை யாவும் காணத்தக்கனவே. ஆயினும், நாம் இங்கே பார்க்கப்போவது ஒரு தட்டுச் சோற்றின் வரலாறு. தமிழ்ச் சொல் ஒன்று கடல் கடந்து சென்றது. திருவனந்தபுரத்து மனிதர் ஒருவரும் பின்னொரு காலத்தில் கடல் கடந்து சென்றார். இரண்டும் ஜப்பான் நாட்டில் ஒரே தட்டில் வந்து கூடின. பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்திருக்கும் நம் குடும்பங்களுக்கு அந்தத் தட்டிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது உண்டு.

தம்பானூரும் சாலையும்

புகைவண்டியில் திருவனந்தபுரம் செல்பவர் தம்பானூர் நிலையத்தில் இறங்குவார். 1931-ம் ஆண்டு முதல் வண்டிகள் அங்கே வந்து நிற்கின்றன. எதிரே பேருந்து நிலையம். அதன் அருகில், சங்கைப் போலச் சுருண்டு மேலெழும் செங்கல் கட்டடம் ஒன்று உண்டு. அதுதான் இந்தியன் காபி ஹவுஸ். அதனை அமைத்தவர் லாரி பேக்கர் (1917–2007). இங்கிலாந்தில் பிறந்து, இந்தியக் குடிமகனாகி, திருவனந்தபுரத்தையே தம் ஊராகக் கொண்டவர் அவர்.

அக்கட்டடத்தினுள் மாடி என்று தனியாக எதுவும் இல்லை. ஒரே சரிவுப் பாதை சுற்றிச் சுற்றி மேலே செல்கிறது. வெளிச் சுவரை ஒட்டி மேசைகளும் இருக்கைகளும் வரிசையாக அமைந்துள்ளன. சாளரங்களுக்குப் பதிலாகச் செங்கற்களுக்கிடையே விடப்பட்ட துளைகளின் வழியே காற்றும் வெளிச்சமும் வருகின்றன. வெள்ளை உடையும் விசிறி மடிப்புத் தலைப்பாகையும் அணிந்த பணியாளர்கள் பரிமாறுவார்கள். மசால் தோசையைப் பிரித்தால் உள்ளே பீட்ரூட் சிவந்திருக்கும்! முதன்முறை காண்பவர் சிறிது திகைப்பார். இரண்டாம் முறை அதையே எதிர்பார்ப்பார்.

அந்நிறுவனத்துக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. காபி வாரியம் 1950-களில் தன் காபிக் கடைகளை மூடியபோது, வேலை இழந்த தொழிலாளர்கள் ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துக் கடைகளைத் தாமே ஏற்று நடத்தினர். கேரளத்தில் அவ்வாறு எழுந்த முதற் கடை 1958-ம் ஆண்டு மார்ச் 8-ம் நாள் திருச்சூரில் திறக்கப்பட்டது. விலை குறைவு. ஆனால் மரியாதையில் குறைவில்லை. சுமை தூக்குபவரும் வழக்கறிஞரும் மாணவரும் ஒரே மாதிரி இருக்கையில் அமர்ந்து, ஒரே மாதிரி கோப்பையில் காபி அருந்துவார்கள்.

கிழக்குக் கோட்டைக்கு அப்பால் சாலைக் கடைத்தெரு. சாலை என்பதே அதன் பெயர். 18-ம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய அங்காடி அது. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக விளங்கிய நாஞ்சில் நாட்டிலிருந்து அரிசி அந்த வழியாகத்தான் தலைநகருக்கு வந்து சேர்ந்தது. 1956-ம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று நாஞ்சில் நாடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எனினும் சாலைத் தெருவில் இன்றும் தமிழ் கேட்கும். கொத்தமல்லி, மிளகு, மஞ்சள், சீரகம் ஆகியவற்றின் மணம் ஒரு கடையிலிருந்து மறு கடைக்கு நம்மைத் தொடர்ந்து வரும்.

இவ்விரண்டு இடங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த விலையில் மரியாதையோடு உணவு தரும் கடை ஒன்று. கறிச் சரக்குகள் மணக்கும் தெரு ஒன்று. இவ்விரண்டும் ஒருங்கே சேர்ந்தாற்போன்ற உணவுச் சாலைகள் ஜப்பான் நாட்டில் ஊர்தோறும் உள்ளன.

கிண்ணச் சோறு

ஜப்பானியர் ஆழமான கிண்ணத்தில் சுடுசோற்றை இட்டு, அதன்மேல் இறைச்சியோ மீனோ முட்டையோ வைத்து உண்பர். இதற்குத் 'தொன்புரி' என்று பெயர். கோழி இறைச்சியும் முட்டையும் சேர்ந்த கிண்ணத்துக்குப் 'பெற்றோர்-பிள்ளைச் சோறு' என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. பெயரிட்டவர் நகைச்சுவை மிக்கவராய் இருந்திருக்க வேண்டும்.

மாட்டிறைச்சிக் கிண்ணத்துக்குப் பேர்போன யோஷினோயா என்னும் கடை 1899-ம் ஆண்டில் தோக்கியோவின் நிஹோன்பாஷி மீன் சந்தையில் தோன்றியது. விடியுமுன் வேலைக்கு வரும் சந்தைத் தொழிலாளிக்கு நின்று உண்ண நேரமில்லை, மிகுதியாகச் செலவிடக் காசும் இல்லை. ஆகையால் சுவை, விரைவு, மலிவு ஆகிய மூன்றையுமே அக்கடை தன் கொள்கையாகக் கொண்டது. 1923-ம் ஆண்டு நிலநடுக்கத்தில் நகரம் பாழானபின் சந்தை சுகிஜி என்னும் இடத்துக்குப் பெயர்ந்தது. கடையும் உடன் சென்றது. இன்று அத்தகைய கடைகள் ஜப்பான் முழுவதும் பரவியுள்ளன. நீண்ட பலகையின் முன் தனியாக வந்து அமரலாம். கேட்ட சில நிமிடங்களில் கிண்ணம் வந்துவிடும். உண்டு முடித்து எழுந்துவிட்டால், அடுத்தவருக்கு இடம் கிடைக்கும்.

இக்கிண்ணச் சோற்றுக்கு நிகராக அங்கே விற்பனையாகும் மற்றொரு மலிவு உணவு 'கரே ரைசு'. அதாவது கறிச்சோறு. ஒரு தட்டில் பாதி சோறு, பாதி பழுப்பு நிறக் குழம்பு, ஓரத்தில் இனிப்பு கலந்த காய்கறி ஊறுகாய். கரண்டியால் உண்பார்கள். இந்தக் 'கரே'யைத்தான் நாம் சற்று உற்று நோக்க வேண்டும்.

ஒரு சொல்லின் பயணம்

'கறி' என்ற நம் சொல்லைப் போர்ச்சுகீசியர் மேற்குக் கரையில் கேட்டுக் 'கரில்' என்றனர். ஆங்கிலேயர் 'கர்ரி' ஆக்கினர். லண்டனில் 1747-ம் ஆண்டு வெளியான ஹன்னா கிளாஸ் அம்மையாரின் சமையல் நூலில் அதன் செய்முறை இடம்பெற்றுவிட்டது. நம் வீட்டுப் பெண்கள் அன்றன்று அரைத்த மசாலைக்குப் பதிலாக, ஆங்கிலேயர் எல்லாவற்றையும் பொடித்துக் கலந்து புட்டியில் அடைத்துக் 'கறித்தூள்' என்று விற்றனர். அத்தூள் ஆங்கிலக் கப்பல்களில் ஏறி உலகத்தைச் சுற்றியது.

ஜப்பான் தன் கதவுகளை மேல்நாட்டாருக்குத் திறந்த காலத்தில் அத்தூளும் உள்ளே நுழைந்தது. இந்திய உணவாக அன்று, ஆங்கில உணவாக! 1872-ம் ஆண்டில் அங்கே வெளியான சமையல் நூல் ஒன்றில் கறியின் செய்முறை காணப்படுகிறது. அதில் சேர்க்கச் சொல்லப்பட்ட பொருள்களுள் ஒன்று தவளை. நம் பாட்டிமார் கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்கள்.

அவ்வுணவைப் பரப்பிய பெருமை ஜப்பானியக் கடற்படைக்கு உரியது. அக்காலத்து மாலுமிகளைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. 1883-ம் ஆண்டில் பயிற்சிப் பயணம் முடித்துத் திரும்பிய 'ரியூஜோ' என்ற கப்பலில் இருந்த 376 பேரில் 169 பேரை அந்நோய் பற்றியது. 25 பேர் மாண்டனர். கடற்படை மருத்துவர் தக்காகி கனெஹிரோ, நோய்க்குக் காரணம் உணவே என்று கருதினார். மறு ஆண்டில் 'சுகுபா' என்ற கப்பலை அதே வழியில், மாற்றிய உணவோடு அனுப்பச் செய்தார். அப்பயணத்தில் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. வெறும் வெள்ளைச் சோற்றை நம்பியிருந்த மாலுமிகளுக்கு இறைச்சியும் காயும் தானிய மாவும் தர வேண்டும் என்பது அதிலிருந்து வழக்கமாயிற்று. கோதுமை மாவை வறுத்துக் கெட்டியாக்கிய கறிக்குழம்பு அதற்கு மிகவும் பொருத்தமாய் அமைந்தது. 1908-ம் ஆண்டின் கடற்படைச் சமையல் நூலில் அதன் செய்முறை உண்டு. இன்றும் ஜப்பானின் கடற்படையினர் வெள்ளிக்கிழமைதோறும் கறிச்சோறு உண்கின்றனர்.

நம்மவர் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அதே பெரிபெரி 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவிலும் பரவியது. தீட்டிய பச்சரிசி உண்டவர்கள் அங்கே பெருவாரியாக நோயுற்றார்கள். தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களிடம் அந்நோய் அரிதாகவே இருந்தது. பிராடன் என்னும் மருத்துவர் இதனைக் கவனித்து 1907-ம் ஆண்டில் நூல் எழுதினார். தமிழர்கள் புழுங்கலரிசி உண்டதே அதற்குக் காரணம். நெல்லை அவிக்கும்போது உமிக்கடியில் இருக்கும் சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. தயமின் என்று பின்னர் பெயர் பெற்ற சத்து அதுவே. ஊரை விட்டுப் போனபோது அவர்கள் கையோடு கொண்டுபோன சமையல் வழக்கம் அவர்கள் உயிரைக் காத்தது.

எண்பது சென்

இனி, கடல் கடந்த மனிதர்களைப் பார்ப்போம். முதலில் சென்றவர் வங்காளத்து ராஷ் பிஹாரி போஸ். ஆங்கில அரசு தேடிய அப்புரட்சியாளர் 1915-ம் ஆண்டில் ஜப்பானுக்குத் தப்பிச் சென்றார். ஷின்ஜுக்கு பகுதியில் நக்கமுராயா என்ற ரொட்டிக்கடை நடத்திய சோமா தம்பதியர் அவரைத் தம் கடைக்குப் பின்னால் மறைத்து வைத்துக் காத்தனர். அவர்களுடைய மகள் தோஷிகோவை 1918-ம் ஆண்டில் அவர் மணந்தார். ஏழே ஆண்டுகளில், 1925-ம் ஆண்டில், அப்பெண்மணி காலமானார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து நக்கமுராயா ஓர் உணவகம் திறந்தபோது, இந்திய முறைக் கறியைப் பட்டியலில் சேர்க்கச் செய்தவர் போஸ். ஆங்கிலேயர் வழியாக வந்த மாவுக் குழம்பைக் கறி என்று ஒப்ப அவர் மனம் இடம் தரவில்லை. கோழியும் சரக்குகளும் சேர்த்து அவர் காட்டிய முறையில் சமைத்தார்கள். சாதாரணக் கடைகளில் கறிச்சோறு 10 அல்லது 12 சென் விற்ற நாளில் அங்கே அதன் விலை 80 சென். ஆயினும் மக்கள் நாடி வந்தனர். 'காதலும் புரட்சியும் கலந்த சுவை' என்று ஜப்பானியர் அதனைக் குறிப்பிடுவதுண்டு. 1945-ம் ஆண்டு ஜனவரியில் போஸ் தோக்கியோவில் காலமானார். நாடு விடுதலை பெற்றதை அவர் காணவில்லை. பிறந்த மண்ணுக்கு அவர் திரும்பவும் இல்லை. அவர் நினைவாக அந்தக் கறி மட்டும் நக்கமுராயாவில் தொடர்கிறது.

திருவனந்தபுரத்து மனிதர்

போஸுக்கு உற்ற துணையாய் இருந்தவர்களுள் ஒருவர் ஏ. எம். நாயர். 1905-ம் ஆண்டில் திருவனந்தபுரம் பகுதியில் பிறந்தவர். சாதி வேற்றுமையையும் அந்நிய ஆட்சியையும் எதிர்த்துப் பள்ளிப் பருவத்திலேயே கிளர்ச்சிகளில் ஈடுபட்டவர். 1928-ம் ஆண்டில் அவர் ஜப்பானுக்குச் சென்று, கியோத்தோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் பயின்றார். படிப்பை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிப் பாலங்கள் கட்டியிருக்கலாம். ஆனால் விடுதலை இயக்கத்தோடு அவர் கொண்ட தொடர்பு அதற்கு இடம் தரவில்லை. ஜப்பானியப் பெண்மணி ஒருவரை மணந்து அங்கேயே குடும்பமானார். இந்திய சுதந்திர லீக்கில் போஸுடன் பணியாற்றினார். மலாயாத் தமிழர் பல்லாயிரவர் சேர்ந்திருந்த இயக்கம் அது. ஆகையால் நம்மில் சில குடும்பங்களுக்கு அந்தக் கதை வேற்றுக் கதை அன்று.

போர் முடிந்தது. நாடும் விடுதலை பெற்றது. நாற்பது வயதைக் கடந்துவிட்ட நாயருக்கு ஜப்பானில் மனைவி மக்கள் இருந்தனர். தோக்கியோ அப்போது குண்டுவீச்சில் எரிந்து, பசியில் வாடிய நகரம். 1949-ம் ஆண்டில் அவர் கின்சாப் பகுதியின் கிழக்கே, கபுகி நாடக அரங்குக்கு அருகில், ஒரு சிறு இந்திய உணவுச் சாலையைத் திறந்தார். முன்னர் சொன்ன சுகிஜி மீன் சந்தை அங்கிருந்து சிறிது தூரத்தில்தான் இருந்தது. பொறியியல் பயின்றவர் சமையற்கூடத்தில் புகுந்தார். அதில் இழிவு ஒன்றும் இருப்பதாக அவர் கருதியதாகத் தெரியவில்லை. பின்னர் 'இந்திரா' என்ற பெயரில் கறித்தூளும் விற்கப்பட்டது. தூள் வடிவில் இங்கிலாந்து வழியாகச் சென்ற கறிக்கு, நம் பக்கத்து மனிதர் ஒருவர் தம் கையால் கலந்த தூள் ஒரு மறுமொழி போலும்!

அக்கடையின் புகழ் பெற்ற உணவுக்கு 'முருகி லஞ்ச்' என்று பெயர். முருகப் பெருமானுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. வடமொழிகளில் கோழிக்கு வழங்கும் சொல்லே அவ்வாறு திரிந்தது. மஞ்சள் சோறு, மசித்த உருளைக்கிழங்கு, வேகவைத்த முட்டைக்கோசு, பல மணி நேரம் வெந்த கோழித் தொடை, அதன் குழம்பு ஆகிய யாவும் ஒரே தட்டில் வரும். பரிமாறுபவர் மேசையருகே நின்று, எலும்பை லாவகமாக உருவி எடுத்துவிட்டு, "எல்லாவற்றையும் நன்றாகக் கலந்து உண்ணுங்கள்" என்று சொல்லிச் செல்வார்.

இதில் என்ன புதுமை என்று நீங்கள் கேட்கலாம். ஜப்பானியர் சோற்றையும் குழம்பையும் ஓரத்திலிருந்து சிறிது சிறிதாகச் சேர்த்து உண்பதே பெரும்பாலும் வழக்கம். அவர்களிடம் போய், பிசைந்து உண்ணும் நம் வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தது அக்கடை. ஜப்பானிய உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் தட்டில் ஏறின. உண்ணும் முறையோ இங்கிருந்து சென்றது. மூன்று தலைமுறை ஜப்பானியர் அதனைப் பிசைந்து உண்டு வந்திருக்கின்றனர். நாயர் தம் வாழ்வை ஒரு நூலாகவும் எழுதினார். 1984-ம் ஆண்டில் ஜப்பானிய அரசு அவருக்கு விருது அளித்துச் சிறப்பித்தது. 1990-ம் ஆண்டில் அவர் காலமானார். கடையைக் குடும்பத்தார் தொடர்ந்து நடத்தினர்.

திரும்பி வந்த தட்டு

இதற்கிடையில் ஆங்கிலேயர் வழியே சென்ற மாவுக் குழம்பும் தன் போக்கில் வளர்ந்தது. 1963-ம் ஆண்டில் ஆப்பிளும் தேனும் சேர்ந்த 'வெர்மாண்ட் கறி' என்னும் கட்டி விற்பனைக்கு வந்தது. காரத்துக்கு அஞ்சிய குழந்தைகளும் அதனை விரும்பினர். 1968-ம் ஆண்டில், பையோடு வெந்நீரில் இட்டுச் சூடாக்கும் 'பான் கறி' வந்தது. 1982-ம் ஆண்டு ஜனவரி 22-ம் நாளில் ஜப்பான் முழுவதும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவாகக் கறிச்சோறு வழங்க ஏற்பாடு செய்யப்பட்டது. நகோயா அருகே 1978-ம் ஆண்டில் தோன்றிய கோகோ இச்சிபன்யா என்ற கடையோ, சோறு எத்தனை கிராம், காரம் எந்த அளவு, மேலே வைப்பது எது என்று ஒவ்வொன்றையும் உண்பவரே சொல்லும் முறையைக் கொண்டுவந்து, பல நாடுகளில் கிளை பரப்பியது. 2020-ம் ஆண்டில் அது தில்லிக்கு அருகே குருகிராமத்திலும் கடை திறந்தது. இந்நாட்டு வழக்கத்தை மதித்து, மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இன்றி அங்கே சமைத்தனர். 'கறி' என்ற சொல் இவ்வாறு 'கரே' ஆகி இந்தியாவுக்குத் திரும்பியது.

வெளிநாட்டில் வாழும் நம் வீடுகளிலும் இன்று அந்தக் கறிக்கட்டி புகுந்துவிட்டது. "அம்மா, ரசம் வேண்டாம், ஜப்பான் கறி வேண்டும்" என்று பிள்ளை கேட்கும்போது தாயின் முகம் வாடுகிறது. அதே பிள்ளை, சாம்பார் சாதம் மணக்கிறதென்று மற்றவர் மூக்கைச் சுளிப்பார்கள் என அஞ்சி, பள்ளியில் டப்பாவைத் திறக்கக் கூசுகிறது. இரண்டும் நம் வீடுகளில் நாள்தோறும் நிகழ்பவை. நம் சுவை இந்தத் தலைமுறையோடு போய்விடுமோ என்ற அச்சம் பெரியவர்கள் மனத்தில் இருக்கிறது. அது வீண் அச்சம் என்று தள்ளிவிடுவதற்கில்லை.

ஆனால் மேற்சொன்ன வரலாறு நமக்குக் காட்டுவது யாது? போஸ் தம் நாட்டுக் கறி முறையைக் காத்தார். நாயர் அவ்வூர்க் காய்களைச் சேர்த்துக்கொண்டு, பிசைந்து உண்ணும் வழக்கத்தைக் காத்தார். மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள் புழுங்கலரிசியைக் காத்தனர். மூவரும் எல்லாவற்றையும் காக்க முயலவில்லை. காக்க வேண்டியது எதுவென்று ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அதனை விடாமல் பற்றினர். மற்றவை காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறின. ஒவ்வொரு குடும்பமும் அவ்வாறு ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஒரு வீட்டில் அது வெள்ளிக்கிழமைச் சமையலாய் இருக்கும். மற்றொரு வீட்டில் கையால் பிசைந்து உருட்டித் தரும் கடைசிக் கவளமாய் இருக்கும்.

ஜப்பான் கறியையும் விலக்க வேண்டுவதில்லை. வெண்ணெயில் கோதுமை மாவைச் சிவக்க வறுத்து, சாலைக் கடைத்தெருவில் கிடைப்பது போன்ற நல்ல கறித்தூளைச் சேர்த்து, வதக்கிய வெங்காயமும் வெந்த உருளைக்கிழங்கும் கேரட்டும் இட்டுக் கொதிக்க விட்டால் அக்குழம்பு ஆயிற்று. கட்டி வாங்க வேண்டிய தேவையும் இல்லை. அதனைப் பரிமாறும்போது பிள்ளைகளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: அவர்கள் கேட்டு உண்ணும் 'கரே' அவர்களுடைய பாட்டியின் வாயில் பிறந்த சொல். அடுத்த விடுமுறையில் திருவனந்தபுரம் செல்ல நேர்ந்தால், சாலைத் தெருவில் அவர்களை நடக்கவிட்டு, கொத்தமல்லியையும் மிளகையும் கையில் அள்ளி முகரச் செய்யுங்கள். பிறகு தம்பானூர்க் காபி ஹவுஸின் சரிவுப் பாதையில் ஏறி அமர்ந்து, இவ்வூரிலிருந்து கின்சாவுக்குச் சென்ற மனிதரின் கதையைச் சொல்லுங்கள். மறுநாள் பள்ளியில் டப்பாவைத் திறக்கும் கைக்கு அக்கதை துணை நிற்கும்.